சோற்றில் புரதம் எங்கே இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் "அரிசியிலும் புரதம் உண்டு, அது ஒன்றும் வெறும் மாவு இல்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதி சந்தேகம், பாதி சண்டை. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு முழுக்க தானியப் புரதம்தான். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், திட்டுகளை மட்டும் நீக்கிவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: சோறு வெறும் மாவுச்சத்து, புரதம் வேண்டுமென்றால் முட்டையும் பவுடரும்தான் என்று ஜிம்முக்குப் போகும் என் மகன் அடித்துச் சொல்கிறான். நீங்களோ இருக்கிறது என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. தீட்டிய அரிசி 100 கிராமில் ஆறரை முதல் ஏழு கிராம் வரை புரதம் இருக்கும். நாளைக்கு 300 கிராம் அரிசியைச் சோறும் இட்லியுமாகச் சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்தே 20 கிராம் வாக்கில் கிடைத்துவிடுகிறது, இது மூன்று முட்டைக்குச் சமம். அதைப் பூஜ்யம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அளவு ஒன்று, தரம் வேறொன்று. புரதம் கட்டப்படும் செங்கற்கள்தான் அமினோ அமிலங்கள், தானியப் புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைச்சல், அதை நம் உடம்பால் செய்துகொள்ளவும் முடியாது. 100 கிராம் அரிசிப் புரதத்தில் மூன்றரை கிராமுக்குச் சற்று மேல் லைசின் இருக்கிறது, கோதுமையில் இன்னும் குறைவு, சோளத்தில் இரண்டு கிராம்தான் தேறும். பருப்பிலோ ஏழு வாக்கில். சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் வரை உங்கள் மகன் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தத் தரம் என்ற விஷயத்தைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தாமஸ் ஆஸ்போர்ன் என்றொரு வேதியியலாளர். விதைப் புரதங்களை எது எதில் கரைகிறது என்று பார்த்துப் பிரித்தவர் அவர்தான். தண்ணீரில் கரைந்தால் ஆல்புமின், உப்புத் தண்ணீரில் கரைந்தால் குளோபுலின், ஆல்கஹால் கலந்த நீரில் கரைந்தால் புரோலமின், கார நீரிலோ அமில நீரிலோ மட்டும் கரைந்தால் குளுட்டலின். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றுவரை பாடப் புத்தகத்தில் இதே பிரிவுதான். அவரும் லஃபாயெட் மெண்டலும் சேர்ந்து 1910களில் எலிகளுக்கு மக்காச்சோளப் புரதமான செயினை மட்டுமே புரதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், எலிகள் மெலிந்தன. டிரிப்டோஃபானைச் சேர்த்ததும் மெலிவது நின்றது, லைசினையும் சேர்த்த பிறகுதான் வளர ஆரம்பித்தன. புரதம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று.

மதுரையில் வேளாண்மை படிக்கும் மாணவர்: செல்லுக்குள் புரதம் உருவாவதைப் பாடத்தில் படித்தேன். ஆனால் ஒரு நெல்மணி இவ்வளவு புரதத்தைச் செய்து, மாதக்கணக்கில் கெடாமல் எப்படி வைத்திருக்கிறது? புரதம் சரியாக மடியவில்லை என்றால் என்ன ஆகும்?

தம்பி, இந்த இதழின் பாதிப் பக்கம் உங்களுக்கே போய்விடும் போலிருக்கிறது. பரவாயில்லை, வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் இந்தப் புரதம் யாருக்காக என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்காக இல்லை. நாளைக்கு முளைக்கப் போகும் நாற்று மண்ணில் வேர் பிடித்துத் தானாக நைட்ரஜனை உறிஞ்சும் வரை அதற்கு நைட்ரஜன் வேண்டும், சல்ஃபர் வேண்டும். அந்தக் கையிருப்புதான் சேமிப்புப் புரதம். இது எந்த வேதிவினையையும் நடத்தாது, எதையும் தூக்கிச் சுமக்காது. நிறைய நைட்ரஜனைக் கொஞ்ச இடத்தில் அடக்கி, காய்ந்தாலும் கெடாமல் கிடந்து, முளைக்கும் நேரத்தில் உடைந்து கொடுத்தால் போதும். அதனால்தான் இவற்றின் அமைப்பில் குளுட்டமினும் புரோலினும் ஏராளமாக இருக்கின்றன, லைசின் பெயருக்கு இருக்கிறது. நாற்றுக்கு அது போதும். குறைச்சல் என்று புலம்புவது நாம்தான்.

நெல் பூத்து ஒரு வாரத்துக்குள் வேலை தொடங்கிவிடும். பால் பிடிக்கும் பருவத்தில் கண்ணாடி இலையும் கீழ் இலைகளும் மெல்ல மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். இலையில் ஒளிச்சேர்க்கைக்கு உழைத்துக்கொண்டிருந்த புரதங்களை, முக்கியமாக ருபிஸ்கோவை, பயிர் தானே உடைத்து அந்த நைட்ரஜனைக் கதிருக்கு அனுப்புகிறது. நெல்மணிக்கு வந்து சேரும் நைட்ரஜனில் பெரும்பகுதி இப்படி இலையிலிருந்து கழன்று வருவதுதான், அப்போது புதிதாக மண்ணிலிருந்து எடுப்பது இல்லை. கோதுமையில் இதை முடுக்கிவிடும் ஒரு மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். காட்டு எம்மர் கோதுமையில் அது நன்றாக வேலை செய்கிறது, இலை சீக்கிரம் பழுக்கிறது, மணியில் புரதம் கூடுகிறது. நாம் பயிரிடும் பெரும்பாலான கோதுமையில் அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது.

சரி, மணிக்குள் போவோம். கருவுக்கு உணவாக இருக்கும் வெள்ளைப் பகுதியான கருவூண் திசுவின் செல்களில் எண்டோபிளாச வலை என்றொரு சவ்வு அமைப்பு இருக்கிறதல்லவா, அதன் மேல் ரைபோசோம்கள் உட்கார்ந்து புரதச் சங்கிலியைப் பின்னுகின்றன. சங்கிலியின் முன் நுனியில் ஒரு சிறு துண்டு, "இதை உள்ளே விடு" என்பதற்கான அடையாளம். பின்னப் பின்னவே சங்கிலி வலைக்குள் நுழைகிறது, நுழைந்ததும் அந்த அடையாளத் துண்டு நறுக்கப்படுகிறது. உள்ளே போகும் சங்கிலி தனக்கென்று உள்ள வடிவத்துக்குச் சரியாக மடிய வேண்டும். அதில் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் பகுதிகள் நிறைய உண்டு, சும்மா விட்டால் அவை பக்கத்துச் சங்கிலியோடு கண்டபடி ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அப்படி ஆகாமல் அந்தப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டு, நேரம் வரும்போது விட்டுவிடுகிற ஒரு புரதம் இருக்கிறது, பெயர் பிப். அடுத்தவர் பிடிஐ. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் சல்ஃபர் இருக்கும், இரண்டு சிஸ்டீன்களை இணைத்தால் ஊக்கு குத்தியது போல மடிப்பு கலையாமல் நிற்கும். டைசல்ஃபைடு பிணைப்பு என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும், நான் கந்தகப் பிணைப்பு என்றே எழுதுகிறேன். இதைச் சரியான ஜோடிக்குப் போடுவதும், தப்பான ஜோடிக்குப் போட்டிருந்தால் கழற்றி மாற்றுவதும் பிடிஐயின் வேலை. அது சளைக்காமல் வேலை செய்ய ஈரோ1 என்ற இன்னொரு புரதம் உதவுகிறது. ஒவ்வொரு பிணைப்பிலிருந்தும் கிடைக்கும் எலக்ட்ரான்களை அது ஆக்சிஜனுக்குத் தள்ளிவிடும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்குதான். பால் பிடிக்கும் மணிக்குள் இப்படி எத்தனை கோடிப் பிணைப்புகள் விழும் என்று யோசித்துப் பாருங்கள், அத்தனையிலிருந்தும் வரும் பெராக்சைடைச் செல் அவ்வப்போது சமாளித்தாக வேண்டும்.

இதுவரை எல்லா தானியத்துக்கும் பொதுவான கதை. நெல் இங்கே ஒரு தனிப் பாதை எடுக்கிறது.

மற்ற தானியங்கள் பலவற்றில் புரோலமின்தான் அதிகம். அரிசியில் 60 முதல் 80 சதவீதம் குளுட்டலின், புரோலமின் கொஞ்சம்தான். இரண்டும் ஒரே செல்லில், ஒரே வலையில் உருவானாலும் கடைசியில் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேருகின்றன. புரோலமின் வலையை விட்டு வெளியே போவதே இல்லை, அங்கேயே உருண்டையாகத் திரண்டு ஒரு புரத உருண்டையாகிவிடுகிறது. குளுட்டலினோ மடிந்து முடிந்ததும் செல்லின் அஞ்சலகம் போன்ற கோல்ஜி வழியாகப் பயணம் செய்து, சேமிப்பு வாக்குவோல் என்ற பைக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி அதைப் பெரிய துண்டு ஒன்று, சிறிய துண்டு ஒன்று என்று வெட்டுகிறது. வெட்டினாலும் இரண்டு துண்டும் பிரியாது, முன்பே போட்ட கந்தகப் பிணைப்பு அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கும். பிறகு நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன.

இதில் என்னை அசத்திய விஷயம் வேறு. புரதம் தயாரான பிறகுதான் தரம் பிரிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஒகிட்டாவின் குழு காட்டியபடி, புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவே முன்கூட்டிப் பிரிந்துவிடுகிறது. புரோலமினின் ஆர்என்ஏ, புரத உருண்டையைச் சுற்றியுள்ள வலைக்குப் போகிறது, குளுட்டலின் ஆர்என்ஏ தட்டையான வலைக்குப் போகிறது. ஆர்என்ஏவிலேயே முகவரி எழுதியிருக்கிறது, அந்த முகவரியை மாற்றி ஒட்டினால் ஆர்என்ஏ போகும் இடமும் மாறுகிறது. ஒட்டிக்கொள்ளும் சுபாவமுள்ள இரண்டு புரதங்களை ஒரே இடத்தில் செய்தால் குழப்பம் வரும் என்று நெல்லுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அந்தக் குழப்பம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் எஸ்பி2 என்றொரு நெல் பிறழ்வு (மரபணு மாறிப்போன வகை) உண்டு, அதில் பிடிஐ இல்லை. குளுட்டலின் சரியாக மடியாமல், வாக்குவோலுக்கும் போகாமல், புரோலமினோடு சேர்ந்து வலைக்குள்ளேயே சிறு சிறு கட்டிகளாகத் தேங்கிவிடுகிறது. மக்காச்சோளத்தில் ஃப்ளவுரி-2 என்ற பிறழ்வு இன்னும் நல்ல உதாரணம். ஒரு செயின் புரதத்தில், அடையாளத் துண்டு நறுக்கப்பட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போயிற்று, அலனைன் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அவ்வளவுதான் மாற்றம். துண்டு நறுக்கப்படாததால் அந்தப் புரதம் சவ்விலேயே மாட்டிக்கொள்கிறது, உருண்டைகள் கோணல்மாணலாகின்றன, செல் பதறிப்போய் பிப்பை ஏராளமாக உற்பத்தி செய்கிறது, விளைகிற முத்து கண்ணாடி போலப் பளபளக்காமல் மாவாக வெளுத்துக் கிடக்கிறது. அப்படியானால் பிப்பைக் கூட்டிவிட்டால் நல்ல மணி கிடைக்குமா என்று கேட்பீர்கள். நெல்லில் கூட்டியும் பார்த்தார்கள். அளவுக்கு மேல் போனபோது அங்கேயும் மணி மாவாகத்தான் வெளுத்தது.

கெடாமல் இருப்பதற்குக் காரணம் சுலபம். மணி முற்றியதும் கருவூண் செல்கள் செத்துப்போகின்றன, ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது, இறுக்கி அடுக்கிய புரதத்துக்குள் நொதி நுழைய வழியில்லை. உயிரோடு இருப்பது கருவும், வெளியே அலியூரோன் என்ற மெல்லிய படலமும் மட்டும்தான்.

விருதுநகரிலிருந்து ஒரு பரோட்டா மாஸ்டர்: மைதா மாவை வீசினால் துணி மாதிரி விரிகிறது. அரிசி மாவோ கேழ்வரகு மாவோ அப்படி வருவதில்லையே, ஏன்?

மாஸ்டர், உங்கள் கையில் இருப்பது க்ளூட்டன். கோதுமையில் கிளியாடின், குளூட்டனின் என்று இரண்டு குடும்பங்கள். கிளியாடினின் கந்தகப் பிணைப்புகள் அதன் உடம்புக்குள்ளேயே முடிந்துவிடும், பக்கத்து மூலக்கூறோடு இணையாது. அதனால் அது வழுவழுவென்று நெகிழ்ந்து கொடுக்கும். குளூட்டனினுக்கோ நுனிப் பக்கங்களில் கோக்காத சிஸ்டீன்கள் உண்டு, அவை பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், அது அடுத்ததை, இப்படியே நீண்டு, இயற்கையில் உள்ள மிகப் பெரிய புரதச் சங்கிலிகளில் ஒன்றாகிவிடும். இழுத்தால் திரும்பச் சுருங்கும் வலு அதிலிருந்துதான் வருகிறது. நெகிழ்வும் வேண்டும் வலுவும் வேண்டும், இரண்டும் இருந்தால்தான் கிழியாமல் விரியும்.

மணிக்குள் இந்த வலை முழுசாக இருப்பதில்லை. கோதுமை முற்றும்போது புரத உருண்டைகளின் சவ்வு போய், ஸ்டார்ச் (மாவுச்சத்து) துகள்களுக்கு நடுவே புரதம் ஒரு பூச்சு போலப் படிந்துவிடும். நீங்கள் தண்ணீர் விட்டு அடித்துப் பிசையும்போதுதான் அது ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகிறது. பிசைந்ததும் உடனே வீசினால் சுருங்கிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத்தானே எண்ணெய் தடவி ஊற வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் இறுக்கம் தளர்கிறது.

பார்க்க ஆசையிருந்தால் ஒரு உருண்டை மாவைக் குழாயடியில் பிடித்து மெல்லப் பிசைந்து கழுவுங்கள். வெள்ளைத் தண்ணீராக ஸ்டார்ச் போய்விடும், கடைசியில் பழுப்பாக, ரப்பர் போல ஒரு கட்டி மிஞ்சும், அதுதான் க்ளூட்டன். இத்தாலியின் பொலோனாவில் பெக்காரி என்பவர் 18ஆம் நூற்றாண்டில் இதையே செய்து எழுதிவைத்தார், 1745இல் அது அச்சாயிற்று. அரிசி மாவைக் கழுவினால் ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அரிசியின் குளுட்டலினுக்கு இப்படிப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்து நீளும் வழக்கம் இல்லை, அதன் வடிவம் பருப்பு வகைப் புரதத்துக்கு நெருக்கம்.

குளூட்டனினிலும் ஒரு சில பெரிய துணை அலகுகள்தான் மாவின் வலுவைத் தீர்மானிக்கின்றன. மணியின் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் அவற்றின் அளவு, ஆனால் ரொட்டி எழும்புமா படுக்குமா என்பது அவற்றின் கையில். கோதுமை வளர்ப்பாளர்கள் விதையை விதைக்கும் முன்பே அதன் ஒரு துணுக்கை எடுத்து இந்த அலகுகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

தேனியிலிருந்து: புது அரிசி ஏன் குழைகிறது, பழைய அரிசி ஏன் உதிரியாக வருகிறது?

முக்கியமான காரணங்களில் ஒன்று புரதம். மூட்டையில் கிடக்கும்போதும் அரிசிக்குள் காற்றின் ஆக்சிஜன் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, குளுட்டலினில் புதிய கந்தகப் பிணைப்புகள் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகின்றன. இறுகிய புரதம் ஸ்டார்ச் துகளைச் சுற்றி நிற்பதால் துகள் தண்ணீர் குடித்து வெடிப்பது குறைகிறது, ஒட்டும் தன்மையும் குறைகிறது. அரிசியில் உள்ள கொழுப்பு சிதைவதும் ஸ்டார்ச்சில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் பிரியாணிக்காரர்கள் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பொங்கலுக்குப் புது அரிசிதான், குழைந்தால்தானே பொங்கல்.

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர்: சிறுதானியம் உடம்புக்கு நல்லது என்று சோளச் சோறு சாப்பிட ஆரம்பித்தேன். வயிறு கல் மாதிரி இருக்கிறது. எங்கள் அப்பத்தா "அதைக் கூழாகக் குடிடா" என்கிறார். அப்பத்தா சொல்வதில் விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் வயிறு கல்லாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் சோளப் புரதம் வெந்த பிறகு செரிப்பது கடினமாகிறது என்பது சோதனையில் தெரிந்த விஷயம், வேறு தானியங்களில் இந்த அளவுக்கு ஆவதில்லை. 1980களின் தொடக்கத்தில் பெருவில் சின்னக் குழந்தைகளுக்குச் சோளக் கஞ்சி கொடுத்துப் பார்த்தபோது அதில் இருந்த புரதத்தில் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் சேர்ந்தது.

காரணம் உருண்டையின் அமைப்பில் இருக்கிறது. சோளத்தின் புரோலமினுக்குக் காஃபிரின் என்று பெயர். ஆல்ஃபா காஃபிரின், எளிதில் செரிக்கக்கூடியது, உருண்டையின் நடுவில். பீட்டாவும் காமாவும் சுற்றிலும் ஓடாக. இந்த இரண்டிலும் சிஸ்டீன் அதிகம். வேகவைக்கும் சூட்டில் அவை ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்பு போட்டுக்கொண்டு இறுகிவிடும்போது செரிமான நொதியால் அந்த மேலோட்டைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஒரு சோள வகையில் உருண்டை வட்டமாக இல்லாமல் மடிப்பு மடிப்பாகக் குழிந்து கிடந்தது, நடுவில் இருக்க வேண்டிய ஆல்ஃபா வெளியே தெரிந்தது. வேகவைத்த பிறகும் அது நன்றாகச் செரித்தது. அதாவது புரதத்தின் அளவு மாறவே இல்லை, அடுக்கிய விதம் மாறியது, அவ்வளவுதான்.

புளிக்க வைத்தால் இந்தத் தொல்லை ஓரளவு குறைகிறது. சூடானில் சோள மாவைப் புளிக்க வைத்து கிஸ்ரா என்ற மெல்லிய ரொட்டி சுடுகிறார்கள், சாதாரணக் கஞ்சியைவிட அதன் புரதம் நன்றாகச் செரிப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அப்பத்தாவின் கூழும் மாவைக் கரைத்துப் புளிக்க விட்டுக் காய்ச்சுவதுதானே. டேனின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள செஞ்சோளமாக இருந்தால் அந்த டேனினும் சேர்ந்து புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப் பண்ணைக்காரர்: தீவனத்தில் மக்காச்சோளம்தான் பாதிக்கு மேல். அதில் புரதம் இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்கு லைசினை மூட்டையாகத் தனியே வாங்கிக் கொட்டுகிறோம்?

உங்கள் கோழிக்கும் ஆஸ்போர்னின் எலிக்கும் ஒரே பிரச்சினை. மக்காச்சோளப் புரதத்தில் பாதிக்கு மேல் செயின், அதில் லைசின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சோயாப் புண்ணாக்கு கொஞ்சம் ஈடுகட்டும், மீதிக்குத்தான் மூட்டை. அந்த லைசினும் ஒரு வகை பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து எடுப்பதுதான்.

மக்காச்சோளத்தையே மாற்றிவிட முடியாதா என்ற கேள்வி பழையது. 1964இல் பர்டூவில் மெர்ட்ஸ், நெல்சன் ஆகியோர் ஓபேக்-2 என்ற பிறழ்வில் லைசின் கிட்டத்தட்ட இரு மடங்கு இருப்பதைக் கண்டார்கள். செயின் மரபணுக்களை முடுக்கும் ஒரு விசை அதில் வேலை செய்வதில்லை. செயின் குறைய, அந்த இடத்தில் லைசின் உள்ள மற்றப் புரதங்கள் கூடுகின்றன. உலகப் பசி தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். ஆனால் செயின் உருண்டைகள் இல்லாத முத்து மெத்தென்று இருந்தது, உடைந்தது, வண்டு விழுந்தது, விளைச்சலும் குறைந்தது. விவசாயி திரும்பிப் பார்க்கவில்லை. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் ஆய்வு மையத்தில் இந்தியரான சுரிந்தர் வசலும் மெக்சிகோவின் எவாஞ்சலினா வில்லேகாஸும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, லைசினை விடாமல் முத்தை மட்டும் திரும்பக் கெட்டியாக்கும் மரபணுக்களைத் தேடிச் சேர்த்தார்கள். கெட்டியாக்கியது எது என்று பின்னால் பார்த்தால், சிஸ்டீன் நிறைந்த காமா செயின் கூடியிருந்தது. 2000ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. இந்தியாவிலும் அந்த வகையில் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. ஆனால் மூட்டையில் பார்த்தால் சாதாரண மக்காச்சோளம் போலவே இருக்கும், கமிஷன் மண்டியில் அதற்கென்று தனி விலை கிடைக்காத வரை யார் பயிரிடுவார்கள், சொல்லுங்கள்.

திருவாரூர் விவசாயி: கதிர் வரும் நேரத்தில் யூரியா போட்டால் அரிசியில் புரதம் கூடுமா?

கூடும். பூக்கும் சமயத்தில் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) நேராக நெல்மணிக்கே போகும். ஆனால் அளவு மீறினால் பயிர் சாயும், புகையான் பூச்சி வரும், அறுவடை தள்ளிப்போகும். சோறும் சற்றுக் கெட்டியாக இருக்கும், ஜப்பானில் ருசி குறைகிறது என்றே புரதம் கூடிய அரிசிக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். புரதம்தான் வேண்டும் என்றால் ரகத்தை மாற்றுவது நல்லது. கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சிஆர் தான் 310 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 சதவீதம் வாக்கில் புரதம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: முளைகட்டினால் புரதம் பெருகும் என்கிறார்களே?

பெருகாது. வெளியிலிருந்து நைட்ரஜன் வரவில்லையே, எங்கிருந்து பெருகும்? மாவுச்சத்து எரிந்து எடை குறைவதால் சதவீதம் கூடினதுபோலத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு நல்ல வேலை நடக்கிறது. தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் வந்து அந்தக் கந்தகப் பிணைப்புகளைக் கழற்றுகிறது, கட்டு தளர்ந்ததும் நொதிகள் புரதத்தை நறுக்கி அமினோ அமிலங்களாக்குகின்றன. செரிக்க எளிது என்பது உண்மை. முளைகட்டிய கோதுமையை மட்டும் அரைத்துச் சப்பாத்தி போட்டால் மாவு பிசுபிசுவென்று ஒட்டும், க்ளூட்டன் அறுபட்டிருக்கும், ஸ்டார்ச்சும் சர்க்கரையாகியிருக்கும். சாதா மாவில் கொஞ்சம் கலந்து பாருங்கள்.

வேலூரிலிருந்து: சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கென்று ஜப்பானில் தனி அரிசி இருக்கிறதாமே?

இருக்கிறது, எல்ஜிசி-1 என்று பெயர். இரண்டு குளுட்டலின் மரபணுக்களுக்கு நடுவே ஒரு துண்டு அறுந்துபோனதில், அதன் ஆர்என்ஏ தன் மேலேயே மடிந்து மற்ற குளுட்டலின் மரபணுக்களையும் அடக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் இந்த அரிசியின் மொத்தப் புரதம் பெரிதாகக் குறையவில்லை, குளுட்டலின் குறைந்த இடத்தில் புரோலமின் கூடிவிட்டது. புரோலமின் உருண்டையோ வெந்த பிறகும் குடலில் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். ஆகவே உடம்பில் சேரும் புரதம் குறைவு. மருத்துவர் சொல்லும் அளவுக்கு மேல் போகாமல் சோறும் சாப்பிட்டுக்கொள்ளலாம். இங்கே நம் வீட்டு அரிசியை வைத்து இதை யாரும் முயல வேண்டாம், அது வேறு சரக்கு.

சென்னையிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகியிருக்கிறது. கோதுமையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சம்பா கோதுமை பழங்கால வகை, அதைக் கொடுக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது அம்மா. சம்பா கோதுமையும் கோதுமைதான், கிளியாடின் அதிலும் உண்டு.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைப் பிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது ஊரே மெலிந்தது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். கிளியாடினில் புரோலின் அதிகம், நம் செரிமான நொதிகளுக்குப் புரோலின் அடுத்தடுத்து வந்தால் வெட்டத் தெரியாது. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வயிறு, கணையம், குடல் எல்லாவற்றையும் தாண்டி வெட்டுப்படாமல் நிற்பதை 2002இல் காட்டினார்கள். குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களில் சிலருக்கு அந்தத் துண்டைக் கண்டு நோய் எதிர்ப்பு அமைப்பு குடலையே தாக்கத் தொடங்குகிறது. வட இந்தியாவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு, தெற்கில் ஆயிரத்தில் ஒருவர் வாக்கில். அதனால் இங்கே பலருக்கு இதைப் பற்றித் தெரிவதில்லை, உங்கள் உறவினர்களைக் கோபித்துப் பயனில்லை.

அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, மக்காச்சோளம் எல்லாம் கொடுக்கலாம், கோதுமை அரைத்த அதே மில்லில் அரைக்காமல் இருந்தால். ரவை, சேமியா, மைதா, பார்லி கூடாது. ஓட்ஸை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, யாரும் யோசிக்காத இடம்: கூட்டுப் பெருங்காயம். கட்டி பிடிக்காமல் இருக்க அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் போடும் முன் டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அரிசி மாவு கலந்ததும் கடையில் கிடைக்கிறது.